இடது பக்கம் பெருமாள்

கேள்வி: டி-மேக்ஸ் பிக்கப்பைத் தாழ்த்தினேன்; முன்னால் ஸ்பிரிங்கை வெட்டி, பின்னால் பட்டை கழற்றினேன். காவிரிப் பாலம் இறங்கி மாம்பழச்சாலை வந்தாலே வண்டி இடது பக்கம் இழுக்கிறதே?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: இழுக்காதா பின்னே? அங்கே இடது பக்கம்தானே ஸ்ரீரங்கம்! ரங்கநாதரின் சித்திரைத் தேருக்கும் ஸ்டியரிங் கிடையாது. ஆனால் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போட்டுத் திருப்ப ஆள் உண்டு. உங்களுக்கு?

முதலில் அலைன்மென்ட் கடைக்குப் போய் கேம்பர், டோ இரண்டையும் பாருங்கள். தாழ்த்தினால் முன்சக்கரத்தின் தலை உள்பக்கம் சாயும். டயரின் உள்விளிம்புக்குத்தான் முதலில் வழுக்கை விழும்.

அப்புறம், 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம். ஆறு மாதம் வரை உள்ளேயும் போடலாம். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று... வேறு ஏதாவது கழற்றினீர்களா?