கண் சிவந்தால் யாரைக் கேட்பது?

கேள்வி: மகனுக்கு லியூக்கீமியா மருத்துவம் முடிஞ்சு ஒண்டரை வருசம். இப்ப ஒரு கண் சிவந்திருக்கு. வீட்டில கிடக்கிற சொட்டு மருந்தை விடலாமோ? (ஒரு தாய், பார்க் எக்ஸ்ரென்ஷன்)

விடாதையுங்கோ. முதலில் அவனுக்கு மருத்துவம் பார்த்த புற்றுநோய்ப் பிரிவுத் தாதிக்குப் போன் எடுங்கள்.

சிவந்த கண்களில் பெரும்பாலானவை வெறும் சளிக்காய்ச்சலின் கூத்துத்தான். ஆனால் லியூக்கீமியா வந்துபோன பிள்ளைக்கு அந்தச் சலுகை கிடையாது. நோய் திரும்பும்போது அதன் செல்கள் கண்ணின் முன்னறையில் வந்து தேங்கலாம். கருவிழியின் அடிப்பக்கத்தில், சீழ் படிந்ததுபோல ஒரு வெள்ளைக் கோடு தெரியும். ஒரு கண்ணின் நிறமே மாறலாம். கண் அழுத்தம் ஏறலாம். பார்ப்பவருக்குச் சாதாரண அழற்சி மாதிரித்தான் இருக்கும்.

இனித்தான் வில்லங்கம். கொழும்பிலிருந்தோ சென்னையிலிருந்தோ மாமி கொண்டுவந்த அந்தக் குப்பியில் ஸ்டீரொய்ட் இருந்தால், கண் இரண்டு நாளில் வெளுத்துவிடலாம். லியூக்கீமியா செல்களும் ஸ்டீரொய்டுக்குச் சுருங்கும். கீமோவிலேயே அது ஒரு மருந்து. உங்களுக்கும் சந்தோஷம், நோய்க்கும் சந்தோஷம்.

கேள்வி: இரத்தப் பரிசோதனை சுத்தம் எண்டு சொல்லிப்போட்டினம். பிறகென்ன கண்ணில நோய்? (கோட் டி நேஜ்)

இரத்தத்துக்குக் கிடைத்த நற்சான்றிதழ் கண்ணுக்குச் செல்லாது. மூளைக்கு இருப்பதுபோல விழித்திரைக்கும் ஒரு தடுப்பு உண்டு. நரம்பில் ஏற்றும் மருந்துகள் பல அதைத் தாண்டி உள்ளே சரியாகப் போவதில்லை. பொலிஸ் நுழையாத வீட்டில் கள்ளன் படுத்திருப்பதுபோல, மிச்சமிருந்த சில செல்கள் அங்கே தங்கிவிடலாம். பார்வை நரம்போ மூளையின் நீட்சியே. மூளையைச் சுற்றியுள்ள நீர்தான் அதையும் சுற்றியிருக்கிறது. அதனால்தான் கண்ணில் சந்தேகம் வந்தால் எம்.ஆர்.ஐ., முதுகுத்தண்டு நீர், தேவைப்பட்டால் கண்ணின் முன்னறை நீர் என்று தேடுகிறார்கள்.

பார்வை திடீரென மங்கினாலோ, ஒன்று இரண்டாகத் தெரிந்தாலோ அடுத்த அப்பொயின்ற்மென்ற் வரை காத்திருக்க வேண்டாம். பார்வை நரம்பில் நோய் இறங்கினால் கண் சில நாட்களிலேயே போய்விடலாம். அன்றைக்கே அவசரப் பிரிவு.

கேள்வி: விழித்திரையில் இரத்தக் கசிவு என்றார் டொக்டர். நோய் திரும்பிவிட்டதா? (லவால்)

அந்த ஒன்றை வைத்து அப்படிச் சொல்லமுடியாது. இரத்தச் சோகை, பிளேட்லெட் குறைவு இரண்டாலும் விழித்திரை கசியும். நடுவில் வெள்ளைப் புள்ளி வைத்த கசிவுகளுக்கு 1872இல் விவரித்த சுவிஸ் மருத்துவர் ரோத்தின் பெயரை வைத்திருக்கிறார்கள். அவை வேறு நோய்களிலும் வரும். மருத்துவத்தாலும் கண் கெடலாம்: ஸ்டீரொய்டால் கண்புரை வரலாம். எலும்பு மச்சை மாற்றியவர்களுக்குக் கண் வறளலாம். ஆனால் பிளேட்லெட் குறைந்திருந்தால், அது ஏன் குறைந்தது என்ற கேள்விக்குப் பதில் வரும்வரை யாரும் நிம்மதியாகத் தூங்கவேண்டாம், முக்கியமாக டொக்டர்.

கேள்வி: இந்த மருத்துவத்தில் நம்மவர் பங்கு ஏதும் உண்டா? (பிரோசார்)

எல்லாப்ரகட சுப்பாராவ். தெலுங்கர், நாம் சொந்தம் கொண்டாட முடிவது திருவல்லிக்கேணியில் படித்த பள்ளிக்கூடத்தையும் சென்னை மருத்துவக் கல்லூரியையும் மட்டும். அமெரிக்காவில் லெடர்லி நிறுவனத்தில் அவரது குழு உருவாக்கிய அமினொப்டெரினைக் கொடுத்துத்தான் சிட்னி ஃபார்பர் குழந்தைகளின் லியூக்கீமியாவைத் தற்காலிகமாகவேனும் அடக்கிக் காட்டினார். கட்டுரை வெளிவந்தது 1948இல். சுப்பாராவ் இறந்ததும் அதே ஆண்டு. அமினொப்டெரினின் தம்பி மெதொட்ரெக்ஸேட்டைத்தான் இன்றும் பிள்ளைகளின் முதுகுத்தண்டு நீரில் ஏற்றுகிறார்கள்.

கேள்வி: இரவில் யாரைக் கேட்பது? (வில் சென் லோரன்)

811க்குப் போன் எடுங்கள். 24 மணி நேரமும் தாதி இருப்பார். ‘கண் சிவப்பு’ என்று தொடங்காதீர்கள். முதல் சொல்லே ‘லூசேமி’ என்று இருக்கட்டும். பிள்ளை என்றால் சென்ற் ஜுஸ்தினிலோ மொன்றியல் சில்ட்ரன்ஸிலோ அவனது கோப்பு இருக்கும் இடத்துக்கே கொண்டுபோங்கள். பெரியவர்களுக்கு மெசொன்னேவ் ரோஸ்மொன்: மச்சை மாற்றும் பிரிவும் கண் மையமும் ஒரே ஆஸ்பத்திரியில். 18 வயதுக்குக் கீழே என்றால் கண் பரிசோதனைக்கு மருத்துவ அட்டையே போதும். அதை வருடாந்தப் பரிசோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள், இந்தச் சிவப்புக்கு அல்ல.

கேள்வி: அம்மனுக்குக் கண்மலர் சாத்துவதாக நேர்ந்திருக்கிறேன். (டொலார்)

சாத்துங்கள். எம்.ஆர்.ஐ. முடிந்தபிறகு சாத்தினால் அம்மன் கோபிக்கமாட்டா.

கேள்வி: திரும்பிவந்தால் அவ்வளவுதானா? (பெயர் வேண்டாம்)

இல்லை. கீமோ, முதுகுத்தண்டு ஊசி, கண்ணுக்கு அளவான கதிர்வீச்சு, பிறகு சிலருக்கு மச்சை மாற்றம். 2018 முதல் கனடாவில் கார்-டி செல் மருத்துவத்துக்கும் அனுமதி உண்டு. மச்சை மாற்றத்துக்கு ஒத்த கொடையாளி, குடும்பத்துக்கு வெளியே என்றால், பெரும்பாலும் நம் இனத்துக்குள்தான் கிடைப்பார். 18 முதல் 35 வயதுவரை உள்ளவர்கள் எமா கெபெக்கின் ஸ்டெம் செல் பதிவேட்டில் பெயர் கொடுக்கலாம். பதிவுக்குக் கத்தியும் இல்லை, ஊசியும் இல்லை. இதைப் படிக்கிற அண்ணன், தம்பி, தங்கச்சிமார் இந்தக் கிழமையே பதிந்துவிடுங்கள்.