மூன்று மாவட்டம் கண்ட மூளை

இருந்த வீட்டை விட்டு நகராமலேயே மூன்று மாவட்டங்களில் குடியிருந்தவன் நான். பிறந்தது தென்னாற்காடு. 1993இல் அது பிரிந்ததும் விழுப்புரம் மாவட்டத்துக்காரன் ஆனேன். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சியே தனி மாவட்டமாகிவிட்டது. இப்படிப்பட்டவன் வங்கிப் படிவத்தில் மாவட்டம் என்ற கட்டத்தில் 'தென்னாற்காடு' என்று எழுதினால் அது வரலாற்று உணர்வு. என் மனைவி அதற்கு மறதி என்று பெயர் வைத்துவிட்டாள்.

"கறிவேப்பிலை வாங்கிட்டு வாங்கன்னா கொத்தமல்லியோட வந்து நிக்கிறீங்க. எங்கப்பா மோதிரத்துல அரைப் பவுன் குறைச்சது மட்டும் எப்படிங்க மறக்கல?" என்பது அவள் வாதம். அரைப் பவுன் மறக்கிற விஷயமா?

வைத்தியம் வீட்டிலேயே தொடங்கியது. காலையில் வல்லாரைத் துவையல், மாலையில் வல்லாரை சூப். போதாததற்கு, கல்வராயன் மலையில் கரியாலூர்ப் பக்கத்து நண்பர் ஒருவர், என்னைவிட மூத்தவர். யாருக்கு எந்தச் சந்தையில் எவ்வளவு கைமாற்று கொடுத்தார் என்று கிழமையோடு சொல்வார். எல்லாம் சாமைச் சோறும் மலைத்தேனும் செய்கிற வேலை என்று நானே முடிவுகட்டி, இரண்டையும் வாங்கி இறக்கினேன்.

எதுவும் பலிக்காமல் டாக்டரிடம் போனேன். ரத்தத்தைச் சோதித்து வைட்டமின் பி12 குறைவு என்றவர், என் வைத்தியத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டார். வல்லாரை, சாமை, தேன் எதிலும் பி12 கிடையாதாம். பால், தயிர், முட்டை, மீன், கறி இவற்றில்தான் உண்டாம். மலை நண்பரை விசாரித்தால், வாசலில் நாட்டுக்கோழி மந்தையே மேய்கிறது. நான் சைவமாகிவிட்டவன் என்பதால் மரியாதைக்காகச் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

பி12 குறைய எத்தனை வழி உண்டோ அத்தனையும் என்னிடம் இருந்தன. ஓய்வு பெற்றதும் புண்ணியம் தேடி மீனையும் முட்டையையும் விட்டேன். சர்க்கரை வந்ததும் பாலை விட்டு வரக்காப்பிக்கு மாறினேன். வருஷக்கணக்காக மெட்ஃபார்மின், அது குடலில் பி12 சேர்வதைக் குறைக்கும். உணவிலிருந்து பி12 பிரிய வயிற்றில் அமிலம் வேண்டும். அதை நெஞ்செரிச்சல் மாத்திரை போட்டு அடக்கி வைத்திருந்தேன். கல்லீரலில் சில வருஷ இருப்பு இருப்பதால் குறை உடனே தெரியாது. தெரியும்போது பாதம் மதமதக்கும், நாக்கு எரியும், நடை தள்ளாடும், புத்தி மந்தமாகும்.

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 2.2 மைக்ரோகிராம். ஒரே ஒரு கிராம் இருந்தால் ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஓடும். "அதைக்கூடச் சேர்த்து வைக்கத் துப்பில்லையா?" என்றாள் மனைவி.

ஊசி மருந்து செக்கச்செவேல் என்று இருந்தது. நடுவில் கோபால்ட் அணுவைத் தாங்கிய மூலக்கூறு அது. அதன் அமைப்பைத் துலக்கிய டோரதி ஹாட்ஜ்கின் 1964இல் நோபல் பரிசு பெற்றவர். நோபல் பரிசே என் இடுப்பில் ஏறுகிறது என்ற பெருமையில் வலி தெரியவில்லை.

சில மாதங்களில் கால் மதமதப்பும் புத்தி மந்தமும் குறைந்தன. கொத்தமல்லி மட்டும் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. ஆக, என் மறதியில் பாதி சத்துக்குறை, மீதி சுபாவம். சுபாவத்துக்கு ஊசி இல்லை.

2010இல் வெளியான ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. லேசான மறதி கொண்ட, 70 வயதை எட்டியவர்களுக்கு ஃபோலிக் அமிலம், பி6, பி12 கொடுத்துப் பார்த்தார்கள். மூளை சுருங்குவது மட்டுப்பட்டது. ஆனால் ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் (இந்த வைட்டமின்கள் குறைந்தால் ஏறுவது) அதிகம் இருந்தவர்களுக்குத்தான் பெரிய பலன்.

வைட்டமின் குறைக்குத்தான் மருந்து, கூடக் கொடுத்தால் கூடப் பலன் இல்லை என்பது புரியாமல் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர், வாரம் ஒன்று போடச் சொன்ன 60,000 யூனிட் வைட்டமின் டி பொடியை, நல்லதுதானே என்று தினமும் பாலில் கலக்கத் தொடங்கினார். வைட்டமின் டி உடம்பில் தங்கிவிடும். மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, இருக்கிற புத்தியும் குழம்பும். நல்ல வேளை, மருமகள் பார்த்துத் தடுத்துவிட்டாள்.

குறை இருந்தால் வைட்டமின் மருந்து. குறை இல்லாவிட்டால் போஷாக்கு மருந்துக் கடைக்காரருக்கு. அறுபதைத் தாண்டியவர்களே, மறதி வந்தால் 'வயசாச்சு' என்று விட்டுவிடாதீர்கள். மறதிக்கான காரணங்களில் எளிதாகச் சரிசெய்யக்கூடியவற்றில் பி12 குறைவும் ஒன்று. ரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள். அதற்காக மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சர்க்கரை ஏறினால் அதுவும் மூளைக்கு ஆகாது.