இரு பேராறுகளுக்கும் உறவான நதி

கேள்வி: நதிகளை ஆராயக் காடு மேடெல்லாம் அலைய வேண்டுமா? நல்ல தேசப்படம் ஒன்று இருந்தால் போதாதா?

பதில்: போதாது என்பதற்குத் தென் அமெரிக்காவின் காசிகியாரே நதியே பிரத்தியட்ச சாட்சி. ஓரினோகோவின் ஜலத்தில் ஒரு பகுதியைப் பிரித்தெடுத்து, ரியோ நீக்ரோவின் வழியே அமேசானிடம் ஒப்படைக்கும் இவ்விசித்திர நதி இருக்கவே முடியாதென்று ஐரோப்பியப் பூகோள சாஸ்திரிகள் சிலர் சாதித்து வந்தனர். மேஜைமேல் நதியை மறிப்பதற்கு அணை வேண்டியதில்லை, பேனா போதுமல்லவா? அங்கே ஓடம் விட்டவர்களுக்கோ அது பழைய சேதி. 1800-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் ஹம்போல்ட்டும் தாவர சாஸ்திரி போன்ப்லானும், கூண்டுகளில் குரங்குகளும் பட்சிகளும் கூச்சலிட, குறுகிய ஓடமொன்றில் அந்நதியைக் கடந்து, மேகம் விலகிய இரவுகளில் நட்சத்திரங்களின் உயரத்தை அளந்து, அதன் ஸ்தானத்தை நிர்ணயித்தனர். கருநிற நீரோடும் ஆறுகளில் கொசு அபூர்வமென்றும், காசிகியாரேயிலோ சகிக்கவொண்ணாத உபத்திரவமென்றும் ஹம்போல்ட் எழுதிவைத்தது எந்தப் படத்திலும் காணக்கிடைக்காத செய்தி. அவர் தம் சொந்தச் சருமத்தால் கண்டறிந்தது. போன்ப்லானோ, கொசுக்களுக்குத் தப்பிச் செடிகளை உலர்த்துவதற்காக, அப்பிரதேசத்தார் கட்டியிருந்த சாளரமற்ற சூளைபோன்ற சிற்றறைக்குள், புகையையும் வெப்பத்தையும் பொறுத்துக்கொண்டு புகுந்திருந்தார். அவ்வளவு பாடுபட்டும், காற்றின் ஈரத்தால் சேகரத்தில் கணிசமான பகுதி அழுகிப்போயிற்று.