ஐந்து கட்டத்தில் வள்ளுவர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெருவில் யாராவது உரக்கக் குறள் சொல்லிக்கொண்டே வந்து பாதியில் நின்றுவிட்டால், வார இதழ் வந்துவிட்டது என்று அர்த்தம். 'விட்டுப்போன சொல் (5)' என்ற குறிப்பில் எதிர்வீட்டு மாமா மாட்டிக்கொண்டிருக்கிறார்.

மாமா கருவூலத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். குறுக்கெழுத்தைப் பேனாவால்தான் போடுவார். அடித்தல் திருத்தல் வந்தால் பக்கத்தில் சுருக்கொப்பமும் இடுவார்.

செய்யுள் குறிப்பில்தான் அவருக்குத் தனிச் சிக்கல். பள்ளியில் மனப்பாடப் பகுதியாக ஏறிய பாட்டெல்லாம் தலைக்குள் ஒரே சரடாகக் கிடக்கிறது. நடுவில் பிய்த்தெடுக்க வராது. ஆறாவது சீர் வேண்டுமானால் முதல் சீரிலிருந்து கிளம்ப வேண்டும்; தடுக்கினால் மறுபடி முதலிலிருந்து. தள்ளிவிட்டுக் கிளப்புகிற பழைய அம்பாசிடர் மாதிரி. குறளாவது ஏழே சீர். சினிமாப் பாட்டு என்றால் முன்னிசையையும் வாயாலேயே வாசித்துக்கொண்டு வருவார். பல்லவி வருவதற்குள் காபி ஆறிவிடும்.

நினைவு வராவிட்டாலும் மனுஷர் அசர மாட்டார். யாப்பு தெரியும். விரல் மடக்கி அசை பிரித்து, தளை தட்டாமல் ஐந்தெழுத்தில் ஒரு சொல்லைத் தாமே செய்து போட்டுவிடுவார்.

"வெண்டளை சரியா இருக்கு, பொருளும் வருது. வள்ளுவர் இதைத்தான் நினைச்சிருப்பார், தம்பி!"

1330 குறளில் இப்படித் திருத்தம் பெற்றவை எத்தனை என்று நான் கணக்கு வைக்கவில்லை. அடுத்த வாரம் விடை வேறாக வந்தால் "பாடபேதம்" என்பார். புத்தகத்தைத் திறந்து பார்க்கலாமே என்றால், பரீட்சையில் பிட் அடிக்கச் சொன்னதுபோல் முறைப்பார்.

ஒற்றுதான் அவருடைய பரம வைரி. செய்யுளில் சொற்கள் புணர்ந்து கிடக்கும். கட்டத்தில் பிரிந்து நிற்க வேண்டும். வல்லினம் மிகுந்தால் கட்டமும் ஒன்று மிகுமா? 1913 டிசம்பரில் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் முதல் குறுக்கெழுத்தைப் போட்ட ஆர்தர் வின்னுக்கு இந்தக் கவலை இல்லை. 26 எழுத்தை வைத்துக்கொண்டு காலம் தள்ளியவர். மாமாவுக்கோ 247. போதாததற்கு நம் ஊர்க் கட்டங்களில் வலமிருந்து இடமும் கீழிருந்து மேலும் உண்டு. கம்பரைக் காலில் பிடித்துத் தொங்கவிட வேண்டியிருக்கும்.

'எழுதியவர் யார்?' என்று கேட்டிருந்தால் மட்டும் யோசிக்கவே மாட்டார். கோபம் இருந்தால் பாரதி. ஆறும் காடும் வந்தால் கம்பர். சினிமாவில் தத்துவம் வந்தால் கண்ணதாசன். 29 வயதிலேயே மறைந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் பாட்டுகளில் பாதி, மாமாவின் கருவூலத்தில் கண்ணதாசன் பெயரில் வரவாகியிருக்கின்றன. ஒருமுறை ஒன்பது கட்டங்களுக்கு ஆறெழுத்துக் கண்ணதாசனை இழுத்து இழுத்துப் பார்த்தார். குட்டைப் போர்வை, கால் வெளியே நின்றது. கேள்வியே தப்பு என்று பேனாவை மூடிவிட்டார்.

மாமிக்குப் பாதி விடைகள் தெரியும். சொல்ல மாட்டார். "சொன்னா ஒன்பது மணிக்கே முடிஞ்சிடும். அப்புறம் அடுக்களைக்கு வந்து சாம்பாருக்குக் கருத்துச் சொல்வார்" என்பது அவர் கட்சி. நியாயமாகத்தான் படுகிறது.

போட்டிக்கென்று அஞ்சல்துறை விற்கும் அட்டை 10 ரூபாய். மாமா 50 பைசா அட்டையில்தான் விடை எழுதுவார். கேட்டால், "குறளுக்குப் போட்டி ஏதுப்பா?" பரிசு இதுவரை வந்ததில்லை. அதற்கு அட்டை காரணமா, வள்ளுவரைத் திருத்தியது காரணமா என்று தெரியவில்லை.

குறுக்கெழுத்து அமைப்பவர்களுக்கு எங்கள் தெருவின் சார்பில் ஒரு விண்ணப்பம். எந்தச் சொல்லை வேண்டுமானாலும் விடுங்கள், ஐயா. முதல் சீரை மட்டும் விடாதீர்கள். போன வாரம் விட்டுவிட்டீர்கள். கிளம்ப வழியில்லாமல் மதியம் வரை எங்கள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.