ஊதிக் கெடுத்த விண்ட்ஸ்கேல்

அணுகுண்டு செய்ய அமெரிக்காவுக்கு விஞ்ஞானிகளை அனுப்பி, கூடமாட ஒத்தாசை செய்தது பிரிட்டன். குண்டு வெடித்தது, போர் முடிந்தது. 1946-ல் மக்மஹோன் சட்டம் என்று ஒன்றைப் போட்டு, ‘இனி ரகசியம் எதுவும் கேட்காதே’ என்று கதவைச் சாத்தியது அமெரிக்கா. பிரிட்டனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சொந்தமாகக் குண்டு செய்து காட்டினால்தானே மதிப்பான்!

குண்டுக்குப் புளூட்டோனியம் வேண்டும். வடமேற்கு இங்கிலாந்தில், கம்பர்லாந்து கடலோரம் விண்ட்ஸ்கேல் என்ற இடத்தில் இரண்டு அணு உலைகளை அவசர அவசரமாக எழுப்பினார்கள். அமைப்பு ரொம்ப எளிமை. கிராஃபைட், அதாவது கரி, அதில் வரிசையாகத் துளைகள், துளைக்குள் யுரேனியம். இரண்டுமே பற்றிக்கொள்ளக் கூடியவை. சூடு தணிக்க ஒரு பக்கமிருந்து ராட்சத விசிறிகளால் காற்றை ஊதி, மறுபக்கம் புகைபோக்கி வழியாக வெளியேற்றினார்கள். எந்தப் பாட்டியைக் கேட்டாலும் இதற்கு அடுப்பு என்றுதான் பெயர் சொல்லியிருப்பார். யாரும் பாட்டியைக் கேட்கவில்லை.

இயற்பியலாளர் சர் ஜான் காக்ராஃப்ட் மட்டும் புகைபோக்கிக்கு வடிகட்டி வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அதற்குள் புகைபோக்கி பாதி எழும்பிவிட்டது. வேறு வழியில்லாமல் சுமார் 400 அடி உயரத்தில், உச்சந்தலையில் கொண்டுபோய் வைத்தார்கள். ‘காக்ராஃப்டின் கிறுக்குத்தனம்’ என்று பட்டப்பெயரும் வைத்துச் சிரித்தார்கள். நோபல் பரிசு வாங்கியவருக்கு இதெல்லாம் தேவையா?

நியூட்ரான் அடி வாங்க வாங்க, கிராஃபைட் தனக்குள் ஆற்றலைச் சேமித்து வைத்துக்கொள்ளும். அவ்வப்போது சூடேற்றி அதை வெளியேற்ற வேண்டும். 1957 அக்டோபர் 7-ல் ஓர் உலையில் அந்த வேலையைத் தொடங்கினார்கள். சூடு போதவில்லை என்று தோன்ற, மறுநாள் இன்னொரு முறை ஏற்றினார்கள். வெப்பமானிகளோ சூடு உச்சத்தில் இருந்த இடங்களில் இல்லை. 10-ஆம் தேதி முள் ஏறிக்கொண்டே போனது. குளிர வைக்கத்தானே விசிறி? இன்னும் ஊதினார்கள். மூடியைத் திறந்து பார்த்தால், யுரேனியம் செக்கச் செவேலென்று தணலாகக் கிடந்தது.

துணை மேலாளர் டாம் டூஹி, ஃப்ளூ காய்ச்சலில் கிடந்த வீட்டாரைக் கவனித்துக்கொண்டிருந்தார். போன் வந்தது, ஓடினார். உலையின் தலைமேல் ஏறி எட்டிப் பார்த்தார்; ஒருமுறை அல்ல, பலமுறை. சாரம் கட்டும் இரும்புக் கம்பிகளால் யுரேனியத்தை மறுபக்கம் தள்ளப் பார்த்தார்கள். கம்பிகள் பழுக்கக் காய்ந்து, உலோகம் சொட்டச் சொட்டத் திரும்பி வந்தன. 25 டன் கரியமில வாயுவைச் செலுத்தினார்கள். தீ அதையும் ஏப்பம் விட்டது. கடைசியில் 11-ஆம் தேதி காலை, வெடித்தாலும் வெடிக்கலாம் என்று தெரிந்தே தண்ணீரைத் திறந்தார்கள். அதற்கும் அசையவில்லை. அப்புறம்தான் டூஹி காற்றை நிறுத்தச் சொன்னார். தீ மடங்கியது. பாட்டி முதலிலேயே சொல்லியிருப்பார்.

வெளியேறிய கதிரியக்க அயோடின் புல்லில் படிந்தது, பசுவுக்குள் போனது, பாலில் வந்தது. சுமார் 500 சதுர கிலோமீட்டர் வட்டாரத்துப் பாலை ஒரு மாதம்போல் கொட்டித் தீர்த்தார்கள். உச்சியில் இருந்த கிறுக்குத்தனம் கதிரியக்கத் தூசியைப் பிடித்து நிறுத்தியிராவிட்டால், கொட்ட வேண்டியது பாலோடு நின்றிருக்காது. அதன்பிறகு வடிகட்டியைப் பார்த்து யாரும் சிரித்ததாகத் தெரியவில்லை.

குண்டு தயாரிப்பின் தலைவர் வில்லியம் பென்னியே விசாரணை அறிக்கையை எழுதினார். பிரதமர் மேக்மில்லனுக்கோ அதே மாதம் வாஷிங்டனில் அமெரிக்க அதிபர் ஐசனோவரோடு பேச்சுவார்த்தை. அணு ரகசியக் கதவு திறக்கப் போகிற நேரம். ‘அடுப்பைக் கூடக் கட்டத் தெரியாதவர்கள்’ என்று பெயர் வாங்க முடியுமா? முழு அறிக்கை பூட்டுக்குள் போனது. வெளியே வந்த சுருக்கத்தில், தீயை அணைத்த ஊழியர்களின் தலையிலேயே பழி விழுந்தது. 1958-ல் அமெரிக்க ஒப்பந்தம் கையெழுத்தானது. பென்னி அறிக்கை 1988-ல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. அதற்குள் விண்ட்ஸ்கேலுக்கு செல்லாஃபீல்ட் என்று பெயரும் மாற்றியாகிவிட்டது.

தீ அத்தனைக்கும் பக்கத்தில் நின்ற டூஹி 90 வயது வரை வாழ்ந்தார். மூன்றே வருடத்தில் கட்டி முடித்த அந்த உலையைப் பிரித்தெடுக்கும் வேலை மட்டும் இன்னும் முடியவில்லை. இப்போது யாருக்கும் அவசரமில்லை.