எவரெஸ்ட் பாதையில் ராஜா மாதிரி தங்குவது எப்படி?

எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு நடக்கப் போகிறீர்களா? 2,860 மீட்டர் உயரத்தில் இருக்கும் லுக்லாவில், 527 மீட்டர் நீளமே உள்ள ஓடுபாதையில் விமானம் தரை தொட்டதும் பாதி சாகசம் முடிந்தது. மீதி, வழிநெடுக ஷெர்பா குடும்பங்கள் நடத்தும் லாட்ஜ்களில் தங்குவது. காசு கொடுக்கும் விருந்தாளி தன் கௌரவத்தை அங்கே காப்பாற்றிக்கொள்ள ஏழு யோசனைகள்:

1. வாடகையில் பேரம் பேசுங்கள். வாடகை பெரும்பாலும் ஒரு வேளைச் சாப்பாட்டு விலைகூட இருக்காது. ராத்திரியும் காலையும் அங்கேயே சாப்பிடுவீர்கள் என்ற நம்பிக்கையில்தான் அவ்வளவு மலிவு. ஆகவே அதிலும் பாதி குறைத்துவிட்டு, பையிலிருந்து புளிக்காய்ச்சலை எடுத்து, “கொஞ்சம் வெந்நீர் மட்டும் போதும்” என்று சொல்லுங்கள். வெந்நீருக்கும் காசு என்று தெரிந்ததும் அதிர்ச்சி அடையுங்கள்.

2. அறையில் குறை காணுங்கள். இரண்டு கட்டில், கனத்த ரஜாய், ஒரு பல்பு, பிளைவுட் சுவர். பக்கத்து அறைக்காரர் இருமினால் உங்கள் தொண்டை கமறும். ஹீட்டர் எங்கே என்று கேளுங்கள். கிடையாது. ஆனாலும் தினமும் கேளுங்கள்.

3. அடுப்பைக் கைப்பற்றுங்கள். கணப்பு இருப்பது சாப்பாட்டுக் கூடத்தின் நடுவில் மட்டும். பாதை போகும் சாகர்மாதா தேசியப் பூங்காவில் இஷ்டத்துக்கு மரம் வெட்ட முடியாது என்பதால், மேலே போகப் போகக் காய்ந்த யாக் சாணிதான் எரிபொருள். முதல் நாற்காலியைப் பிடித்து, ஈரக் காலுறைகளை அடுப்பின் மேல் தொங்கவிடுங்கள்; வாசனை எல்லோருக்கும் பொது. நள்ளிரவுவரை சீட்டாடுங்கள். பல லாட்ஜ்களில் வழிகாட்டிகளும் சுமைதூக்கிகளும் படுப்பது அந்தப் பெஞ்சுகளில்தான். நீங்கள் எழுந்தால்தானே அவர்கள் சாய முடியும்?

4. மெனு கார்டை நம்புங்கள். 4,940 மீட்டர் உயர லொபுசேயிலும் பீட்சா உண்டு. எட்டுப் பேர் போனால் எட்டு விதமாக ஆர்டர் கொடுங்கள். சமையலறையில் இருப்பதோ இரண்டு அடுப்பு. கோழிக்கறி கட்டாயம் கேளுங்கள். இந்தப் பாதை போகும் கும்பு பள்ளத்தாக்கில் உயிர்களை அறுப்பதில்லை. கறி கீழேயிருந்து, நெற்றிப் பட்டையில் தாங்கிய கூடையில், குளிர்பெட்டி இல்லாமல், நாட்கணக்கில் ஏறி வருகிறது. வயிற்றில் அதன் பயணம் அவ்வளவு நாள் எடுக்காது. கேட்கக் கேட்கப் போடும் தால் பாத் (பருப்பும் சோறும்) பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். போனாலும், சோறு நறுக்கரிசியாக இருக்கிறது என்று சண்டை போடுங்கள். 5,164 மீட்டர் உயர கோரக் ஷெப்பில் தண்ணீர் சுமார் 83 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பது சமையல்காரரின் பிரச்சினை.

5. தினமும் தலைக்குக் குளியுங்கள். அதற்கான கேஸ் சிலிண்டர் ஒருவர் முதுகில் வந்திருக்கும், வந்ததை வீணாக்கலாமா? அதிகாலையில் கழிப்பறைத் தண்ணீர் டிரம்மின் மேல் பனிக்கட்டி மூடியிருந்தால், சொம்பால் உடைப்பது உங்கள் பொறுப்பு. மேனேஜரைக் கூப்பிட முடியாது, அவர்தான் உங்களுக்குச் சப்பாத்தி இட்டுக்கொண்டிருக்கிறார்.

6. போனை ஜன்னலோரம் வையுங்கள். தூக்கப் பைக்குள் வைத்தால் பேட்டரி பிழைத்துவிடும். வெளியே வைத்தால் விடியலில் செத்துக் கிடக்கும். மறுபடி காசு கொடுத்து சார்ஜ் ஏற்றி லாட்ஜை வாழவைக்கலாம்.

7. ஓய்வு நாளை வெட்டுங்கள். உடல் உயரத்துக்குப் பழக, 3,440 மீட்டர் உயர நாம்சேயில் ஒருநாள் கூடுதலாகத் தங்கச் சொல்வார்கள். 3,000 மீட்டருக்கு மேல், படுக்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே என்பார்கள். கேட்காதீர்கள். தலைவலியையும் வாந்தியையும் வெளியே சொல்லாதீர்கள். ஒருநாள் வாடகை மிச்சம். இறங்கும்போது ஹெலிகாப்டர் செலவு மட்டும் லட்சங்களில்.

இத்தனையும் செய்த பிறகு, ஒரு டீயின் விலையைப் பார்த்து “எம்.ஆர்.பி. எங்கே?” என்று நீங்கள் கேட்பது நிச்சயம். பதில் சுருக்கமானது: லுக்லாவுக்கு மேல் வண்டி போகாது. அரிசி, தேயிலை, கதவு, நீங்கள் குறைசொன்ன அந்தப் பிளைவுட் எல்லாம் பெரும்பாலும் மனிதர் முதுகிலோ கோவேறு கழுதை, யாக் முதுகிலோ ஏறியவை. ஏற ஏற விலையும் ஏறும், அது கொள்ளை அல்ல, கூலி. ராஜாவாக வேண்டாம், நல்ல விருந்தாளியாக இருந்தால் போதும் என்றால் வழி சுலபம்: தால் பாத் சாப்பிடுங்கள், கேட்ட காசைக் கொடுங்கள், ஒன்பது மணிக்குப் பெஞ்சைக் காலிசெய்யுங்கள்.