இப்போது எந்த இசைத்தட்டு?

கேள்வி: ஜாஸ் ரசிகர்கள் சந்தித்தால் முதலில் 'இப்போது எந்த இசைத்தட்டுக் கேட்கிறீர்கள்?' என்றுதான் விசாரிக்கிறார்கள். வெறும் படாடோபம்தானே? (வாசகர், கொலன்னாவை)

பதில்: படாடோபக்காரர் பெயரைச் சொல்லி நிறுத்திக்கொள்வார், ரசிகர் தட்டையே கையில் தந்துவிடுவார். ஜாஸ் கலைஞர் மேடையில் அந்த நேரத்துக் கற்பனையில் வாசிப்பது மறுநாள் அப்படியே திரும்பி வராது. பதிவானது மட்டுமே மிஞ்சும், அதைக் கைமாற்றி வாழவைப்பவர்கள் ரசிகர்கள். உதாரணத்துக்கு, 1963இல் அமெரிக்க ஜாஸ் மேதை டியூக் எலிங்டனின் குழு இலங்கைக்கும் வந்தது. அந்தப் பயணத்தில் பிறந்த 'ஃபார் ஈஸ்ட் சூட்' இசைத்தட்டு 1967இல் வெளியானது. அதில் டெல்லி மைனாவின் கூவல் கிளாரினெட்டில் எழும்பும். அன்று பிறக்காதவருக்கும் கேட்கும்.

'ஜாஸுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?' என்பீர்கள். கிற்றார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினின் 'சக்தி' குழுவில் வயலின் வாசித்த எல். சங்கர் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். தந்தை வி. லட்சுமிநாராயணா அங்கே இசை ஆசிரியர். 1958 இனக்கலவரம் அந்தக் குடும்பத்தைச் சென்னைக்கு அனுப்பியது. நாம் இழந்த அந்த வயலினை உலகம் கேட்டது. 'சக்தி' வாசித்தது கலப்பிசை, ஜாஸ் அல்ல என்ற மறுப்பில் பாதி நியாயம் உண்டு. தாளக் கணக்கு நம்முடையது, கடத்தில் விக்கு விநாயக்ராம். ஆனால் கிற்றார் ஒரு வரி சொல்ல, வயலின் அதை வாங்கி வேறு விதமாகத் திருப்பித் தருகிறதே, அந்த உடனடி உரையாடல்தான் ஜாஸின் உயிர். 1975இல் மேடையிலேயே பதிவான அவர்களின் முதல் தட்டைக் கேளுங்கள். பிடித்திருந்தால் பக்கத்து வீட்டாருக்கும் கொடுங்கள்.